பாலிசியில் இருந்த இன்னொரு டிரைவர்

இது கற்பனை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது. நடந்தது என் சித்தி மகளுக்கு. பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை என்னிடம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிவக்கவே இல்லை. உதடுதான் வெளுத்துப்போயிருந்தது.

வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். இருபத்தொரு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை, உயரம் கூடினால்தானே பெயர் மாறும். கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஒரு மயிரிழை கோணம் மாறினாலும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அவள் அம்மா, அதாவது என் சித்தி, ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நின்றபடியே வேலை பார்த்தவள். ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி இரண்டு முழங்காலும் போய்விட்டன. பஸ் படி ஏற முடியாது. வாடகைக் காரில் ஏறினால் இறங்க முடியாது. இப்போது வருகிற கார்களில் சீட் தரையோடு தரையாக இருக்கிறது, இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தால்தான் சித்தி வெளியே வருவாள். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்வாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வாண்டு லைசென்ஸ் எடுத்தாள். வண்டி வாங்க வேண்டும், அம்மா வலியில்லாமல் ஏறி இறங்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

வண்டி கடைக்கே தேடி வந்தது. தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் ஃபிரேமைச் சரிசெய்ய வந்தார். வீட்டில் பழைய கார் ஒன்று சும்மா நிற்பதாகவும் யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது என்றும் சொன்னார். கடையில் எல்லோரும் அவரைத் தடிக்கண்ணாடி ஆன்ட்டி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வாண்டு சித்தியை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஷெட்டுக்குள் பாசிப்பச்சை நிறத்தில் நின்றது. உருண்டை விளக்குகள், பளபளக்கும் பம்பர், வாண்டுவைவிட இரண்டு மடங்கு வயது. ஒரு கீறல் இல்லை. சித்தி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பழைய வண்டி அல்லவா, சீட் நன்றாக உயரமாக இருந்தது.

"நாற்காலி மாதிரி இருக்குடி," என்றாள். பிறகு யாருடைய கையும் பிடிக்காமல் தானாகவே எழுந்து வெளியே வந்தாள். வாண்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியை வாங்குவதென்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள்.

சந்தோஷத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து ஹாரனை அழுத்திப் பார்த்தாள். பாம்... பாம்.

தடிக்கண்ணாடி ஆன்ட்டி சட்டென்று ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு தரம் அடிக்காதம்மா."

"ஏன் ஆன்ட்டி, பேட்டரி போயிடுமா?"

"ஒரு தரம் போதும்."

"வண்டி சாரோடதா? அவர் இல்லையா?"

"அவரோடதுதான். அவர் இப்ப இங்க இல்ல."

வேலை விஷயமாக எங்கோ போயிருப்பார் என்று வாண்டு நினைத்துக்கொண்டாள். நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

வண்டி கைக்கு வந்தது. இன்சூரன்ஸ்தான் வரவில்லை. கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். இல்லையென்றால் வண்டியின் விலையையே பிரீமியமாகக் கேட்டார்கள். கடைசியில் எங்கள் மாமாவிடம் போனாள். சித்தியின் தம்பி. இன்சூரன்ஸ் ஏஜெண்ட், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பாலிசி போட்டுவிட்டுத்தான் எழுவார்.

"உனக்கு வயசு கம்மி, வண்டிக்கு வயசு ஜாஸ்தி. கம்பெனிக்கு ரெண்டுமே புடிக்காது," என்றார் மாமா. "ஒண்ணு பண்ணலாம். அனுபவம் இருக்கிற ஒரு ஆள் பேரை முதல் டிரைவரா போட்டு, உன் பேரை ரெண்டாவதா போட்டா பிரீமியம் பாதியா குறையும்."

"நம்ம வீட்டுல யாரு மாமா கார் ஓட்டறாங்க?"

"பழைய ஓனரு எவ்வளவு வருஷமா ஓட்டறாரு? ஒரு விபத்து கிடையாது, ஒரு அபராதம் கிடையாது. சொக்கத் தங்கம். அவர் பேரை எடுக்காம, பாலிசியை அவர் பேர்லயே விட்டுடு."

"அவர் ஓட்டவே போறதில்லையே, மாமா."

"பேருதானே வாண்டு. பேரு வந்து வண்டியா ஓட்டப்போகுது?"

செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் இளம் பிள்ளைகளுக்கு வண்டி வாங்குகிற பாதிக் குடும்பங்கள் இதைத்தான் செய்கின்றன. இருந்தாலும் கேட்காமல் செய்ய வாண்டுவுக்கு மனம் வரவில்லை. தடிக்கண்ணாடி ஆன்ட்டிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.



"ஆன்ட்டி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்... அவர் பேரே இருக்கட்டும். ஓட்டறவர்னு அவர் பேரு இருந்தா அவருக்குப் பிடிக்கும்."

அன்றைக்கே அவர் பெயரிலேயே பாலிசி போட்டாகிவிட்டது. முதல் டிரைவர், அவர். இரண்டாவது டிரைவர், வாண்டு.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. வாண்டுவுக்குக் கால் எட்டுவதற்கு டிரைவர் சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னால் இழுத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையும் வைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் நிறுத்திப் பூட்டிவிடுவாள். பூட்டுச் சாவி, கார்ச் சாவி, இரண்டும் அவள் கைப்பையில்தான் இருக்கும்.

ஒருநாள் காலையில் ஏறி உட்கார்ந்தாள். கிளட்சுக்குக் கால் எட்டவில்லை.

சீட் பின்னால் போயிருந்தது. கொஞ்சம் அல்ல, கடைசிவரைக்கும். தலையணை பின் சீட்டில் ஒழுங்காக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

சித்தியைக் கேட்டாள். "அந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் ஷெட்டுக்குப் போனேனாக்கும்," என்றாள் சித்தி.

மெக்கானிக் அண்ணனிடம் காட்டினாள். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சீட்டை முன்னும் பின்னும் தள்ளினார். டக்... டக்... டக்.

"சீட்டு நகர்ற பல்லு எல்லாம் கெட்டியா கடிக்குதும்மா. தானா நகராது. யாரோ நெட்டையான ஆள் உக்காந்து ஓட்டியிருக்காங்க."

வாண்டு சிரித்து வைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்தாள். லென்ஸில் மையம் குறிக்கிற பேனாவை எடுத்து, பின்பக்கம் பார்க்கிற நடுக் கண்ணாடியின் ஓரத்திலும் அதைத் தாங்குகிற கம்பியிலும் ஒரே நேராக ஒரு கோடு போட்டாள். கண்ணாடி அசைந்தால் கோடு உடைந்து தெரியும். சீட்டை முன்னால் இழுத்துவிட்டுப் பூட்டினாள்.

மறுநாள் பார்த்தாள். கோடு உடைந்திருந்தது.

சீட் பின்னால் போயிருந்தது. கண்ணாடி திரும்பியிருந்தது. அவள் நெட்டையான ஆள் உட்காருகிற அளவுக்குத் தலையைத் தூக்கி அதில் பார்த்தாள். பின்னால் இருக்கிற எதுவும் தெரியவில்லை. பக்கத்து சீட்தான் முழுசாகத் தெரிந்தது.

பக்கத்து சீட் துடைத்துச் சுத்தமாக இருந்தது. வண்டி முழுக்க இருந்த தூசி, அங்கே மட்டும் இல்லை.

அன்றே வண்டியைக் கைகழுவியிருக்க வேண்டும். வாண்டுவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அன்று மாலை சித்தியை முழங்கால் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். சித்தி காலையிலிருந்தே, "இன்னைக்கு என் நாற்காலியில போகலாம்," என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு வாண்டுவால் எதுவும் சொல்ல முடியவில்லை.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது மாலை ஐந்தே முக்கால். வெயில் இன்னும் இருந்தது. தெருவில் ஆட்கள் நடமாட்டமும் இருந்தது. சித்தி ஆஸ்பத்திரி ஃபைலை டாஷ்போர்டின்மேல் வைத்துவிட்டு, சிகிச்சையின் களைப்பில் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய சாலைக்கு வருவது ஓர் இறக்கம். வாண்டு பிரேக்கில் கால் வைத்தபடி மெதுவாக இறங்கினாள்.

டக்.

சீட் ஒரு பல் பின்னால் போனது.

வாண்டு காலை நீட்டினாள்.

டக்... டக்.

நுனிக்கால்தான் எட்டியது. கீழே பெரிய சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

டக்... டக்... டக்.

பிரேக் அவள் காலைவிட்டுப் போய்விட்டது.

  ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். மோதப் போகிறோம், அம்மா பக்கத்தில் இருக்கிறாள், அது ஒன்றுதான் அப்போது மனதில் ஓடியதாம்.

வண்டி மோதவில்லை. இறக்கத்தின் முடிவில் பதமாக வேகம் குறைந்தது. இண்டிகேட்டர் போட்டுக்கொண்டது. டிக்... டிக்... டிக். லாரிக்கு வழிவிட்டது. பிறகு நிதானமாகத் திரும்பியது.

அவள் கால் எதிலும் படவில்லை. கிளட்ச் தானாக அமுங்கியது. கியர் மாறியது.

"இன்னைக்கு நல்லா ஓட்டறடி," என்றாள் சித்தி கண்ணைத் திறக்காமல். "ஒரு குலுக்கல் இல்ல."

நடுக் கண்ணாடி மெல்லத் திரும்பியது. சித்தி இருந்த பக்கம்.

வீட்டுத் தெரு தாண்டிப் போனது. சித்தி இப்போது கண்ணைத் திறந்தாள்.

"வீடு அந்தப் பக்கம் இல்ல?"

"ஆன்ட்டி வீட்டுல ஒரு பேப்பர் வாங்கணும்மா."

சித்திக்குப் பிரஷர் உண்டு. பயந்தால் தாங்க மாட்டாள். அதனால் அந்தப் பொய். மூக்கு கட்டாயம் சிவந்திருக்கும், சித்தி திரும்பிப் பார்க்கவில்லை.

வாண்டு மெதுவாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். உருவினாள். சாவி கையோடு வந்துவிட்டது.

எஞ்சின் நிற்கவில்லை.

சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஆன்ட்டி வீடு என்று வாண்டு வாய்க்கு வந்ததைத்தான் சொல்லியிருந்தாளாம். பேப்பர் வாங்க வேண்டும் என்று அவள் சொன்ன அதே வீட்டுக்குத்தான் வண்டி போனது. தடிக்கண்ணாடி ஆன்ட்டியின் வாசலில் போய் நின்றது.

பாம்... பாம்.

அவள் கை ஹாரனில் இல்லை.

ஜன்னல் திரை விலகியது. தடித்த கண்ணாடி தெரிந்தது. உடனே திரை மூடிக்கொண்டது.

பாம்... பாம்.

"கதவு திறக்க மாட்டேங்குதுடி," என்றாள் சித்தி. வாண்டு தன் பக்கக் கதவை இழுத்துப் பார்த்தாள். அதுவும் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக் கதவு திறந்தது. ஆன்ட்டி வெளியே வரவில்லை. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, வண்டியைப் பார்த்து ஏதோ சொன்னார். கார் கண்ணாடி ஏற்றியிருந்ததால் கேட்கவில்லை. ஆனால் உதட்டசைவு வாண்டுவுக்குத் தெரிந்தது.

'அவங்களை விடுங்க.'

கதவுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. எஞ்சின் நின்றது.

சித்தியை வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வாண்டு கம்பிக் கதவருகே போனாள்.

"சார் எங்க ஆன்ட்டி?"

"செத்துட்டாரும்மா. வருஷம் ஆகப்போகுது."

வாண்டு திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு வாங்குவா? அந்த சீட்டுலதான் செத்தார்." ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டியரிங்கை வேற யாரையும் தொட விட மாட்டார். ஆனா தனியாவும் ஓட்ட மாட்டார். பக்கத்துல ஆள் வேணும், நல்லா ஓட்டறீங்கன்னு சொல்லணும். ரெண்டு தரம் ஹாரன் அடிப்பார், நான் போய் ஏறணும். எங்க போறோம்னு சொல்ல மாட்டார். நிறுத்துங்கன்னா நிறுத்த மாட்டார். ஒரு தரம் நாள் முழுக்க இறங்க விடல."

"அப்புறம்?"

"ஒரு நாள் நான் போகல. உள்ளேயே உக்காந்துட்டேன். ரெண்டு ரெண்டா அடிச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. சாயங்காலம் போய்ப் பார்த்தேன்... கை ஹாரன்மேலேயே இருந்துச்சு."

"அப்ப ஏன் அவர் பேரை விடச் சொன்னீங்க?"

"பேரு வண்டியோட போனா அவரும் போயிடுவார்னு நினைச்சேன்." ஆன்ட்டி கதவைச் சாத்தத் தொடங்கினார். "அவர் பேரை எடுத்துடும்மா. சீக்கிரம் எடுத்துடு."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாடகைக் காரில் வீட்டுக்கு வந்தார்கள். சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள், இறங்கினாள். "லாக் ரிப்பேர்மா. சரிபண்ணி எடுத்துட்டு வரேன்," என்று மட்டும் வாண்டு சொன்னாள். உண்மையைச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்வது இதற்குத்தான்.

மறுநாள் காலை கடைக்குப் போனதும் முதல் வேலையாக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள். பாலிசி எண்ணைச் சொல்லி, முதல் டிரைவர் பெயரை நீக்க வேண்டும் என்றாள்.

"பாலிசியில ஒரே டிரைவர்தான் மேடம். அவர் மட்டும்தான்."

"ரெண்டாவதா என் பேரு இருக்கணுமே."

"அதை எடுத்தாச்சு. நேத்து சாயங்காலம் அவரே கூப்பிட்டு எடுக்கச் சொன்னாரு."

வாண்டுவின் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்தது.

"என்ன... காரணம் சொன்னாரு?"

"ஒரு நிமிஷம்... 'அந்தப் பொண்ணுக்குக் கால் எட்டல'ன்னு சொல்லியிருக்காரு மேடம்."

கடையில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எங்கோ தூரத்தில் கேட்டது.

"இன்னொரு மாற்றமும் இருக்கு. பக்கத்து சீட்டுக்குப் பயணி காப்பீடு சேர்த்திருக்காரு. ஒரு ஆளுக்கு." அந்தப் பெண் பெயரை வாசித்தாள். இனிஷியலோடு.

சித்தியின் முழுப் பெயர். வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர். ஆஸ்பத்திரி ஃபைலில் மட்டும் இருக்கிற பெயர்.

"எப்ப இருந்து?"

"இன்னைக்குக் காலையில இருந்து மேடம்."

அப்போதுதான் இன்னொரு அழைப்பு வந்தது. சித்தி.

"எங்கடி இருக்க?"

"கடையிலம்மா."

"விளையாடாத. வாசல்ல வண்டி நிக்குது. ரெண்டு தரம் ஹாரன் அடிச்சியே."

"அம்மா, ஏறாத."

"கதவைத் திறந்து வெச்சிருக்க. வெயில்ல நிக்க முடியலடி, உக்காந்துக்கறேன்."

"அம்மா. நான் கடையில இருக்கேன். கார்ச் சாவி என் கையில இருக்கு. சத்தியமா."

 போனில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. டுக்... டுக்... டுக்...

பிறகு சித்தியின் குரல். மிக மெதுவாக.

"அப்ப உள்ள உக்காந்திருக்கிறது யாருடி?"

செருப்பு தேய்கிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். பஸ் படி ஏற முடியாத சித்தி ஓடினாள். வீட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

பாம்... பாம்.

நின்றது.

பாம்... பாம்.

பிறகு கார்க் கதவு சாத்துகிற சத்தம். டப். வண்டி கிளம்பியது. அவசரமே இல்லை. கியர் மாறியது, ஒரு குலுக்கல் இல்லாமல்.

வாண்டு வீட்டுக்கு ஓடிவந்தபோது வாசல் காலியாக இருந்தது. சித்தி கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதைப் பார்த்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

தடிக்கண்ணாடி ஆன்ட்டியின் வாசலிலும் வண்டி இல்லை. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. மாமா சமர்த்தாக, வண்டி திருட்டுப் போய்விட்டது என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டார். பாலிசியில் பெயர் இருக்கிற டிரைவர் எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு ஆகாது என்று பதில் வந்தது. மாமா அன்றிலிருந்து எவருக்கும் வண்டி பாலிசி போடுவதில்லை.

பயணி பெயரையாவது நீக்கச் சொல்லி வாண்டு எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். பாலிசிக்காரர், அதாவது அவர், சொன்னால்தான் நீக்க முடியுமாம். சித்திக்கு இப்போது சிகிச்சை வீட்டிலேயே நடக்கிறது. தெருவில் ஹாரன் கேட்டால், ஒன்றா இரண்டா என்று அம்மாவும் மகளும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்கள்.

பாலிசி போன வாரத்தோடு முடிய வேண்டியது. அது முடிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று வாண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நேற்று மாமா கம்பெனியில் விசாரித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். வாண்டுவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். பாலிசியை யாரோ புதுப்பித்துவிட்டார்கள். பக்கத்து சீட்டில் சித்தியின் பெயர்தான் இருக்கிறது.